கால் முளைத்த மூட்டை

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் வீட்டில் எனக்குக் குப்பை கொட்டும் உரிமை கிடையாது. வயது முப்பதைத் தாண்டிவிட்டது, எனக்கென்று ஒரு கணவரும் ஒரு காரும் வந்தாகிவிட்டது. இருந்தாலும் கிள்ளானில் இருக்கும் அம்மா வீட்டில் ஒரு பீட்சா விளம்பரத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு குப்பைத்தொட்டிப் பக்கம் நான் நடந்தால் போதும், எங்கிருந்தாவது ஒரு குரல் வரும். "ஏய், அத அங்கயே வை!"

இந்தத் தடையுத்தரவுக்கு ஒரு வரலாறு உண்டு. வரலாறு முழுக்க என் கைங்கரியம்தான். (அப்பாவுக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. அதை அவர் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.)

அப்போது எனக்குப் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் வேலை கிடைத்திருந்தது. பதவியின் பெயர் டாக்குமென்ட் கன்ட்ரோலர். கேட்பதற்கு ஏதோ அணைக்கட்டைத் திறந்து மூடுகிற வேலை மாதிரி இருக்கும். உண்மையில், வருகிற காகிதங்களுக்கு முத்திரை குத்தி, இரண்டு துளை போட்டு, ஃபைலில் மாட்டுகிற வேலை. ஆனால் நான் கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்ததைப் பார்த்தால், நாட்டின் பாதி ரகசியம் என் கையில் இருப்பதாக நினைத்திருப்பீர்கள். கீரை வாங்க பாசாருக்குப் போகும்போதுகூட அந்த அட்டையை நான் கழற்றியதில்லை.

வேலைக்குப் போன கொஞ்ச நாளிலேயே எனக்கு வீட்டைப் பார்த்தால் எரிச்சல் வர ஆரம்பித்தது. எங்கள் வாசல் தபால் பெட்டிக்கு வயிறு சிறியது, வரத்து பெரியது. மின்சார பில், தண்ணீர் பில், டியூஷன் விளம்பரம், ஏர்கோன் கழுவித் தருகிறோம் என்கிற விளம்பரம், கோயில் திருவிழா அழைப்பு, கல்யாணப் பத்திரிகை, எங்களுக்கு முன்னால் அங்கே குடியிருந்தவருக்கு ஏதோ ஒரு வங்கி விடாமல் எழுதும் கடிதம் (மனிதர் எங்கே போனாரோ, வங்கி மட்டும் அவரை மறக்கவில்லை) என்று எல்லாம் வந்து விழும்.

இவற்றை அம்மா அடுக்கும் முறை உலகத்தில் எந்த நிறுவனத்திலும் கிடையாது. பில் என்றால் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் பிளாஸ்டிக் பை. மருத்துவமனைக் காகிதம் என்றால் ஐஸ்பெட்டியின் தலை. படித்துப் புரியவில்லை என்றால் டிவிக்குக் கீழே இருக்கும் இழுப்பறை. மிக மிக முக்கியமானது என்றால் மட்டும் 'பத்திரமான இடம்'. பத்திரமான இடம் எது என்பது வாரத்துக்கு வாரம் மாறும். திருடன் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பது அம்மாவின் நோக்கம். திருடன் ஒருநாளும் வந்ததில்லை. ஆனால் அம்மா உட்பட நாங்கள் யாருமே எதையும் ஒரே தேடலில் கண்டுபிடித்ததும் இல்லை.

கல்யாணப் பத்திரிகைகள் தனிக் கதை. அவற்றின் முகப்பில் பிள்ளையார் இருப்பார். பிள்ளையார் படம் போட்ட எதையும் அம்மா தூக்கிப் போட விடமாட்டார். "அந்தக் கல்யாணமே முறிஞ்சு, ரெண்டு பேரும் வேற வேற ஆள கட்டிக்கிட்டாங்கம்மா" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "அவங்க சண்ட போட்டுக்கிட்டா அதுக்குப் பிள்ளையார் என்னடி பண்ணுவார்?" என்று கேட்டுவிட்டு, அதைத் துடைத்துத் திரும்பவும் அலமாரியில் வைத்தார்.

அம்மா அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு இங்கே வந்தவர். எனக்கும் அப்பாவுக்கும் நீல ஐசி, அதாவது பிரஜைகளுக்கான அடையாள அட்டை. அம்மாவுக்கு மட்டும் சிவப்பு ஐசி. நிரந்தரமாகக் குடியிருக்கலாம், ஆனால் இந்த நாட்டுப் பிரஜை இல்லை என்று அர்த்தம். குடியுரிமைக்கு எழுதிப் போட்டுவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருந்தோம். வீட்டில் அதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. பேசினால் மட்டும் வந்துவிடுமா என்று அம்மா பேச்சை மாற்றிவிடுவார்.

ஆனால் தேர்தல் வந்தால் தெரிந்துவிடும். அப்பாவின் சட்டையை அம்மாதான் இஸ்திரி போட்டு வைப்பார். அவர் ஓட்டுப் போடப் போகும்போது தானும் கிளம்பிவிடுவார். காரின் பின்னால் அம்மாவின் நீல நிற பிளாஸ்டிக் நாற்காலியை அப்பா ஏற்றிக்கொள்வார். முறுக்கு சுட்டு விற்ற காசில் அம்மா தனக்கென்று வாங்கிய நாற்காலி அது. அப்பா பள்ளிக்கூடத்துக்குள் வரிசையில் நிற்க, அம்மா வெளியே மரத்தடியில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, உள்ளே போகிறவர்களையும் மை வைத்த விரலோடு வெளியே வருகிறவர்களையும் பார்த்துக்கொண்டிருப்பார்.

அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் ஒருநாள் அந்தப் பழுப்பு உறை வந்தது. விண்ணப்பம் தொடர்பாக நேர்முகத்துக்கு வரவும், இந்தக் கடிதத்தின் அசலையும் மற்ற அசல் ஆவணங்களையும் தவறாமல் கொண்டு வரவும் என்று மலாயில் எழுதியிருந்தது. நான் வாசித்துச் சொன்னேன். அம்மா கடிதத்தை இரண்டு கையாலும் வாங்கி, சாமி விளக்குக்கு முன்னால் கொஞ்ச நேரம் வைத்தார். பிறகு எடுத்து, பத்திரமான இடத்தில் வைத்தார்.

அடுத்த வாரம் அதைக் காணோம்.

வீட்டைத் தலைகீழாகப் புரட்டினோம். மெத்தைக்குக் கீழே இல்லை. புடவை அடுக்கில் இல்லை. கடைசியில் அரிசி டின்னின் அடியில், அரிசிக்குள் புதைந்து கிடந்தது. "வண்டு வராதுன்னு வேப்பிலகூட போட்டு வெச்சேனே" என்றார் அம்மா, என்னவோ நான் அதைப் பாராட்ட வேண்டும் என்பது போல.

எனக்குள்ளிருந்த டாக்குமென்ட் கன்ட்ரோலர் விழித்துக்கொண்டாள். "போதும்மா. இனிமே இந்த வீட்டுல ஒரு காயிதம்கூடக் காணாமப் போவாது. நான் பாத்துக்கிறேன்" என்று சபதம் போட்டேன். அட்டை கழுத்தில்தான் இருந்தது.

நேர்முகம் திங்கட்கிழமை. அதற்கு முந்திய சனிக்கிழமை, ஹாலில் பாயை விரித்து வீட்டிலிருந்த எல்லாக் காகிதத்தையும் கொட்டினேன். நடக்க இடமில்லாமல் அப்பா காப்பிக் கடைக்குப் போய்விட்டார். மூன்று காலி அரிசிப் பைகளை எடுத்து, ஒவ்வொன்றின் மேலும் டேப் ஒட்டி, மார்க்கர் பேனாவால் கொட்டை எழுத்தில் எழுதினேன். ஒன்று 'வேணும்'. இன்னொன்று 'வேணாம்'. மூன்றாவது 'சாமி'. (சாமி மூட்டை நான் ஒப்புக்கொண்ட சமரசம். பிள்ளையார்கள் எல்லாரும் அதற்குள் போய், மூட்டையோடு சாமி அறைக்குக் குடிபோனார்கள்.)

மற்ற இரண்டையும் அம்மா மாறி மாறிப் பார்த்தார். "என்னடி மாலு, ரெண்டும் ஒரே மாதிரில இருக்கு?"

"நல்லா பாருங்கம்மா. இதுல 'ண'வுக்குப் பக்கத்துல கால் இருக்கு. கால் இருந்தா வேணாம், வெளிய நடந்து போயிடும். இதுல கால் இல்ல. கால் இல்லன்னா வேணும், வீட்டோட இருக்கும்."

சொல்லிவிட்டு எனக்கே புல்லரித்துவிட்டது. இவ்வளவு எளிமையான ஒரு முறையை எங்கள் அலுவலகத்திலேயே யாரும் யோசித்ததில்லை. அம்மா மட்டும், "பேரையே மாத்தி வெச்சா என்ன?" என்று கேட்டார். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பொழுது சாய்வதற்குள் எல்லாம் பிரித்தாகிவிட்டது. வீட்டுப் பட்டாவான கிரான், பிறப்புப் பத்திரங்கள், அம்மா அப்பாவின் கல்யாணச் சர்ட்டிபிகேட், எல்லாவற்றுக்கும் மேலாக அந்தப் பழுப்பு உறை, எல்லாம் 'வேணும்' மூட்டையில். ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் அவற்றைப் புது ஃபைலில் ஏற்றிவிட வேண்டும் என்பது திட்டம். கிள்ளான் முழுக்க என் அளவுக்கு நிம்மதியாக அன்று யாரும் தூங்கியிருக்க மாட்டார்கள்.

மறுநாள் காலை அம்மா ஹாலைத் துடைக்க வாளியோடு வந்தார். தண்ணீர் படக் கூடாது என்று இரண்டு மூட்டைகளையும் நான் போர்ச்சுக்குத் தூக்கிப் போனேன். 'வேணாம்' மூட்டையைத் தரையில் போட்டேன். 'வேணும்' மூட்டையைத் தரையில் போட மனசு வரவில்லை. அதை அம்மாவின் நீல நாற்காலியில் மரியாதையாக உட்கார வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

தலையில் ஷாம்பு நுரை பொங்கிக்கொண்டிருக்கும்போது தெருமுனையில் அந்தக் குரல் கேட்டது. எங்கள் தாமான் குடியிருப்பில் ஞாயிற்றுக்கிழமையானால் தவறாமல் வரும் பழைய பேப்பர் லோரி. "பேப்பர் லாமா... சூராட் காபார் லாமா... பெசி புரோக்..." என்று, பழைய பேப்பரும் பழைய இரும்பும் கேட்டு, ஒரு பெண் ஒலிபெருக்கியில் தூக்கக் கலக்கத்தோடு சொல்லிக்கொண்டே போவாள்.

அப்பா குளியலறைக் கதவைத் தட்டினார். "மாலு! பேப்பர் லோரி வந்துருக்கும்மா. எந்த மூட்டைய குடுக்கறது?"

கண்ணில் ஷாம்பு. வாயில் ஷாம்பு. "காலு இருக்குற மூட்டையப்பா!" என்று கத்தினேன்.

"எது?"

"காலு! காலு இருக்குறத குடுங்க!"

"சரிம்மா, சரிம்மா."

இங்கே அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கீழே நிற்கிறவன் எந்தப் பெட்டியைச் சொல்கிறானோ அந்தப் பெட்டியைத் தூக்கி, சொன்ன இடத்தில் வைப்பவர். ஏன், எதற்கு என்று கேட்க மாட்டார். ஒரு பெட்டிகூட மாற்றித் தூக்கியதில்லை என்பது அவருடைய வாழ்நாள் பெருமை.

நான் தலையில் துண்டோடு வெளியே வந்தபோது லோரி போய்விட்டிருந்தது. போர்ச்சில் ஒரு மூட்டை தரையில் கிடந்தது. அதில் 'வேணாம்' என்று, கம்பீரமாக நிமிர்ந்து நிற்கும் காலோடு, எழுதியிருந்தது. நாற்காலியைக் காணோம்.

"அப்பா... நாற்காலி எங்கப்பா?"

"குடுத்துட்டேனே."

"எந்த மூட்டைய குடுத்தீங்க?"

"காலு இருக்குறத. நீதானே சொன்ன? தரையில கெடக்குறதுக்கு ஏது காலு? நாற்காலி மேல இருந்ததுக்குத்தான் நாலு காலு இருந்துச்சு. மூட்டைய மட்டும் எறக்கிக் குடுக்கப் பாத்தேன், அப்புறம் நீ காலோடதான சொன்னன்னு அப்படியே குடுத்துட்டேன்."

"நான் எழுத்துல இருக்குற கால சொன்னேம்பா!"

"எழுத்துக்கு எங்கம்மா காலு?" என்றார் அப்பா, உண்மையாகவே குழம்பிப்போய். தமிழ்ப் பள்ளியில் படித்தவர்தான். ஆனால் மூக்குக் கண்ணாடி உள்ளே மேசையில் இருந்தது.

சத்தம் கேட்டு அம்மா துடைப்பத்தோடு வெளியே வந்தார். காலியான இடத்தைப் பார்த்தார். "நாற்காலியயுமா குடுத்துட்டீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டார். அதிர்ச்சியில் மூட்டையைச் சொல்ல வாய் வராமல் நாற்காலியைச் சொல்கிறார் என்று நான் நினைத்தேன். நாளைக்கு நேர்முகம். அசல் கடிதம் லோரியில். இத்தனை வருஷம் மரத்தடியில் உட்கார்ந்திருந்தவருக்கு ஒரு வழி திறந்தது. அதை நான் அரிசிப் பையில் கட்டி, நாற்காலியில் உட்கார வைத்து, வழியனுப்பிவிட்டேன்.

அடுத்த நிமிஷம் அப்பாவின் பழைய காரில் இருந்தோம். அப்பா ஓட்ட, நான் பக்கத்தில். நைட்டி, தலையில் துண்டு, ஒரு காலில் என் செருப்பு, இன்னொன்றில் அப்பாவின் செருப்பு. பின்னால் அம்மா, வீட்டிலேயே இருங்கள் என்று சொல்லியும் கேட்காமல், கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறியிருந்தார்.

கண்ணாடியை இறக்கிவிட்டு, குரல் வரும் திசையைப் பார்த்து ஓட்டினோம். வலப்பக்கம் கேட்டது. போனோம். லோரி நின்றது. ஓடிப் போய்ப் பார்த்தால் அது வேறு லோரி, வேறு ஆள், அதே பெண்ணின் அதே தூக்கக் குரல். இந்தக் குரல் பதிவை எல்லா லோரிக்காரர்களும் வைத்திருப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? "இனி லோரி லாயின் லா, காக்கா" (இது வேற லோரி, அக்கா) என்றான் ஓட்டுநர், என் செருப்புகளைப் பார்த்துக்கொண்டே. இன்னொரு தெருவில் ஒரு குரலைத் துரத்திப் பிடித்தோம். அது பழைய மெத்தை எடுக்கிறவர். என் கோலத்தைப் பார்த்துவிட்டு, மெத்தை எங்கே என்று அனுதாபத்தோடு கேட்டார்.

பின்னாலிருந்து அம்மாவின் குரல் மெல்ல வந்தது. "விடுடி. போனா போவுது. ஆனா இந்த ஊர்ல எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான்."

"அப்படிச் சொல்லாதீங்கம்மா" என்றேன்.

"எத்தன வருஷம்! மழையில நனஞ்சாக்கூட ஒண்ணும் ஆவல."

சோகத்தில் அம்மாவுக்குப் பேச்சு தடுமாறுகிறது என்று நினைத்து எனக்கு இன்னும் அழுகை வந்தது. மழையில் நனைந்தால் கடிதம் என்ன ஆகும் என்று யோசிக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

கடைசியில் தாமானின் கோடியில் ஒரு காப்பிக் கடை வாசலில் அப்பா காரை நிறுத்தினார். "அதோ, அந்த அங்கிள்தான்!" சீனர் ஒருவர் மீ நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். லோரி பக்கத்தில் காலியாக நின்றது. நான் போய் நின்றதும் அவர் என்னைப் பார்க்கவில்லை, அப்பாவைத்தான் பார்த்தார். "ஹா, கெருசி பிரு!" என்றார் சிரித்துக்கொண்டே. நீல நாற்காலி நன்றாக நினைவிருந்தது. சரக்கு ஏற்கெனவே ஜெஞ்சாரோம் போகிற வழியில் இருக்கும் ஸ்டோருக்குப் போய்விட்டதாம். "நல்ல கெருசி லா, பாஸ். ஏன் வீசுறீங்க?" என்று அரைத் தமிழில் அப்பாவிடம் கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார்.

ஸ்டோர் என்றால் தகரக் கூரை போட்ட ஒரு பெரிய கொட்டகை. உள்ளே கூரையைத் தொடும் அளவுக்கு அட்டையும் காகிதமும். வாசலில் ஓர் ஆன்டி விசிறியை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருந்தது எங்கள் நீல நாற்காலியில்.

"அதோ!" என்று அம்மா போட்ட கூச்சலில் சந்தோஷம் இருந்தது. நான் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. ஆன்டியைத் தாண்டி, குவியலுக்குள் பாய்ந்தேன். நான் பாய்ந்த பாய்ச்சலில் அந்த ஆன்டி விசிறியைக் கீழே போட்டுவிட்டார்.

மூட்டை கிடைத்துவிட்டது. டேப்பும் என் எழுத்தும் அப்படியே இருந்தன. பதற்றத்தில் அது 'ணு'வா 'ணா'வா என்று எனக்கே ஒரு கணம் பிடிபடவில்லை. (அம்மா சொன்னபோதே பேரை மாற்றியிருக்க வேண்டும்.) ஆனால் பை கிழிந்து, உள்ளிருந்தது எல்லாம் தரையில் சிதறியிருந்தது. மண்டியிட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். கிரான் இருந்தது. பிறப்புப் பத்திரங்கள் இருந்தன. கல்யாணச் சர்ட்டிபிகேட் மட்டும் எங்கே என்று பார்த்தால் அதன் மேல்தான் நான் நின்றுகொண்டிருந்தேன். காலை எடுத்தபோது அப்பாவின் செருப்புத் தடம் அச்சுக் குத்தியது போல அதில் பதிந்திருந்தது.

பழுப்பு உறை இல்லை. திரும்பவும் பார்த்தேன். இல்லை. பக்கத்துக் குவியலையும் கிளறினேன். யார் யாருக்கோ வந்த கடிதங்கள் எல்லாம் இருந்தன, அம்மாவுக்கு வந்தது மட்டும் இல்லை. அப்படியே பழைய அட்டைகளின் மேல் உட்கார்ந்து சத்தமாக அழ ஆரம்பித்துவிட்டேன். டாக்குமென்ட் கன்ட்ரோலருக்குரிய அழுகையே இல்லை அது. மூக்கெல்லாம் ஒழுகியது.

அம்மா வந்து பக்கத்தில் நின்றார். கையில் நாற்காலி. "ஏண்டி அழுவுற? அதான் கெடச்சிருச்சே."

"கெடைக்கலம்மா! உங்க சூராட், அந்தக் கடுதாசி கெடைக்கல! நாளைக்கு என்ன சொல்லுவோம்? எல்லாம் என்னாலதான்..."

"எந்த சூராட்?"

"நேர்முகத்துக்கு வரச் சொன்ன சூராட்டும்மா!"

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். நாற்காலியைக் கீழே வைத்து, அதில் உட்கார்ந்து, கைப்பையைத் திறந்து, உள்ளேயிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்தார். முகப்பில் பிள்ளையார். பத்திரிகையைப் பிரித்தார். உள்ளே பழுப்பு உறை, ஒரு மடிப்புக்கூடக் கலையாமல்.

"நீ வீட்ட அடுக்கப் போறேன்னு பாய விரிச்சியே, அடுக்கி முடிச்சதும் மொத வேலையா அத எடுத்துட்டேன். பிள்ளையார் படத்த யாரும் தூக்கிப் போட மாட்டாங்கள்ல? உன் முறையும் சேத்துத்தான் யோசிச்சேன்."

"பின்ன ஏம்மா வழியெல்லாம், இது ஒண்ணுதான் எனக்குன்னு இருந்ததுன்னு..."

"நாற்காலிக்குடி!" என்றார் அம்மா. "முறுக்கு வித்து வாங்குனது."

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அதனால் இரண்டையும் செய்தேன். அப்பா தூரத்தில் நின்றுகொண்டு, ஸ்டோர் ஆன்டியிடம் மலாயில் எதையோ விளக்கிக்கொண்டிருந்தார். அவர் கையால் காற்றில் ஒரு கோடு கீழே இழுத்துக் காட்டியதிலிருந்து, 'ணா'வின் காலைத்தான் விளக்குகிறார் என்று தெரிந்தது. ஆன்டி அப்படிச் சிரித்தார். கடைசியில், உண்மையான 'வேணாம்' மூட்டையை அடுத்த வாரம் லோரி அங்கிளிடம் கொடுத்துவிடுவது, நாற்காலியை இப்போதே எடுத்துப் போவது என்று முடிவானது.

திங்கட்கிழமை மூன்று பேரும் நேர்முகம் நடக்கும் அலுவலகத்துக்குப் போனோம். முந்தின நாள் பட்ட அவமானத்தில் நான் மாலை முழுக்க உட்கார்ந்து எல்லா ஆவணங்களையும் ஃபைலில் வரிசையாக ஏற்றியிருந்தேன். தலையில் முக்காடு போட்ட பெண் அதிகாரி ஒருவர் ஃபைலைப் புரட்டினார். "கெமாஸ்" என்று பாராட்டினார், ரொம்ப நேர்த்தியாக இருக்கிறதாம். நான் அப்பாவைப் பெருமையாகப் பார்த்தேன். அடுத்த பக்கத்தில் அதிகாரியின் கை நின்றது. கல்யாணச் சர்ட்டிபிகேட்.

"இனி அபா, புவான்?" இது என்னம்மா என்று செருப்புத் தடத்தைக் காட்டி அம்மாவிடம் கேட்டார்.

அம்மாவின் மலாய் பாசார் மலாய். கீரைக்கும் மீனுக்கும் பேரம் பேசப் போதுமானது. அவர் தடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நிதானமாகச் சொன்னார். "காக்கி அனாக் சாயா."

என் பிள்ளையுடைய கால்.

அதிகாரி முதலில் புரியாமல் விழித்தார். பிறகு அம்மா தன் மலாயில் லோரியில் தொடங்கி நாற்காலி வரைக்கும் முழுக் கதையையும் சொல்ல, அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பக்கத்து மேசையிலிருந்தவரும் திரும்பிப் பார்த்தார். இவ்வளவு நீளமாக அம்மா மலாய் பேசி நான் கேட்டதே இல்லை. மலாய் தெரியுமா என்று சோதிக்க வேறு கேள்வி எதையும் அதிகாரி கேட்கவில்லை. வெளியே வரும்போது, "உன் காலு ராசியான காலுதான்" என்றார் அப்பா.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் வேணும், வேணாம் என்ற சொற்களே ஏறக்குறைய வழக்கொழிந்துபோயின. காப்பி வேண்டுமா என்று கேட்க, "காலு இருக்கா?" என்பார் அப்பா. "இல்ல" என்றால் காப்பி வரும். இதில் வெளியாட்கள் சிக்கிக்கொண்டால் கஷ்டம். நான் விரும்பியவர் முதன்முதலாக வீட்டுக்கு வந்து சோபாவில் விறைப்பாக உட்கார்ந்திருந்தபோது, அப்பா என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டு, ரகசியம் என்று நினைத்து, தெருவுக்கே கேட்கும்படி கேட்டார். "பையன நல்லா பாத்துக்கிட்டியாம்மா? காலு இருக்கா, இல்லையா?"

"இல்லப்பா" என்றேன் வெட்கத்தோடு.

"அப்பச் சரி" என்றார் அப்பா, மிகுந்த திருப்தியோடு. நான் ஹாலுக்குத் திரும்பியபோது அந்த மனிதர் தன் இரண்டு கால்களையும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்யாணம் முடிந்து கொஞ்ச காலம் கழித்து, ஒரு சனிக்கிழமை அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். தபால்காரர் மோட்டார் சைக்கிளில் வந்து போன சத்தம் கேட்டது. அம்மா வாசலுக்குப் போனார். திரும்பி வரவில்லை. எட்டிப் பார்த்தேன். நீல நாற்காலியில் உட்கார்ந்து, பிரிக்காத பழுப்பு உறை ஒன்றை மடியில் வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் நீட்டினார்.

"நீயே பாரு. காலு இருக்கா, இல்லையா?"

பிரித்தேன். மலாய் எழுத்துகள் கண்ணில் நீந்தின. இரண்டு தடவை வாசித்தேன், இந்த முறை எதையும் மாற்றி வாசித்துவிடக் கூடாது என்று.

"இல்லம்மா" என்றேன். "காலே இல்ல."

அம்மா அழவில்லை. முந்தானையை எடுத்து, நாற்காலியின் கைப்பிடியைத் துடைத்தார். சுத்தமாகத்தான் இருந்தது, இருந்தாலும் ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி உள்ளே போனார். அதை என் கல்யாணப் பத்திரிகைக்குள் வைத்திருப்பதாகச் சொல்கிறார். அந்தப் பத்திரிகை எங்கே என்று கேட்டால், பத்திரமான இடத்தில் என்கிறார்.

அடுத்த தேர்தல் வந்தது. காலையிலேயே அப்பாவின் சட்டையோடு இந்த முறை ஒரு புடவையும் இஸ்திரி போட்டுத் தொங்கியது. அப்பா பழக்க தோஷத்தில் காரின் பின்கதவைத் திறந்து வைத்துவிட்டு, நீல நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"ஏத்தவா? வேணுமா, வேணாமா?"

அம்மா புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டே முன்கதவைத் திறந்து ஏறினார்.

"வேணாம்" என்றார். "வரிசையில நிக்க எனக்குக் காலு இருக்கு."